சிறிது நேரம் சும்மா இருந்தால் நின்றுபோகும் நெட்வொர்க் கார்டு (டெபியன் 12): உதவி தேவை

கேள்வி:
வணக்கம். தாத்தாவின் கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் செய்து, மாடியறையில் இருக்கும் சேமிப்புக் கணினிக்கு அனுப்பி வருகிறேன். என் கணினியில் டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. நெட்வொர்க் கார்டு மதர்போர்டிலேயே அமைந்தது. தொடர்ந்து அனுப்பும்வரை தொல்லையில்லை. ஒரு நோட்டை முடித்து, அடுத்ததன் தையலைப் பிரித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்துக் கோப்பை அனுப்பினால்தான் அப்படியே நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றினேன், ரவுட்டரில் வேறு போர்ட்டிலும் செருகிப் பார்த்தேன், பயனில்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் இணைப்பு திரும்புவதில்லை; சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் செருகினால் மட்டுமே வருகிறது. புதிய கார்டு வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:
யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகிவிடுங்கள். வேலை நிற்காது.

மறுமொழி 2:
வாங்குவதற்கு முன், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்துவிடுங்கள், ஐயா. இணைப்பு நின்றதும் பிளக்கைப் பிடுங்காமல், டிமெசேஜ் கட்டளையை ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) இயக்கிக் கடைசி வரிகளைப் படியுங்கள். ‘லிங்க் இஸ் டவுன்’ என்று இருந்தால் கோளாறு கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கலாம். அந்த வரி இல்லாமல், ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று தொடங்கி ‘டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்’ என்று முடிந்தால், கேபிள் நன்றாக இருக்க, கெர்னல் கொடுத்த தரவைக் கார்டு வெளியே அனுப்பவில்லை என்று பொருள்.

நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை இயக்கி, அது காட்டும் வேகத்தையும் சொல்லுங்கள். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே ஜிகாபிட் கார்டு 100இல் நின்றால் ஏதோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்கக் கூடும்.

பிளக்கைப் பிடுங்கினால்தான் சரியாகிறது என்று நீங்கள் கவனித்தது மிக முக்கியமான தடயம். கணினியை அணைத்த பின்னும் கார்டின் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காக அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எனவே சிக்கிக்கொண்ட கார்டு ரீஸ்டார்ட்டில் முழுமையாக விடுபடாமல் போகலாம்.

கேட்டவர்:
இன்று மாலை மீண்டும் நின்றது. ‘லிங்க் இஸ் டவுன்’ எங்குமே இல்லை. நீங்கள் சொன்ன வாட்ச்டாக் வரிதான் இருக்கிறது. வேகம் 1000, பிழை எண்ணிக்கை பூஜ்யம். அணைத்த பின்னும் பச்சை விளக்கு எரிகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் கேபிளை விட்டுவிடலாம். சும்மா இருந்த பிறகே நிற்பதால், என் சந்தேகம் ஏஎஸ்பிஎம் என்னும் மின்சேமிப்பு ஏற்பாட்டின் மீது விழுகிறது. போக்குவரத்து இல்லாதபோது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பிசிஐஇ இணைப்பை அது உறக்க நிலைக்குக் கொண்டுபோகும். சில கார்டுகள் அந்த உறக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட் பயனராக, இரட்டை ‘வி’ தெரிவுடன் இயக்கினால், கார்டின் ‘லிங்க் கண்ட்ரோல்’ வரியில் ‘ஏஎஸ்பிஎம் எல்1 எனேபிள்டு’ என்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பலரும், கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் தெரிவுகளில் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ என்று சேர்க்கச் சொல்வார்கள். அது ஏஎஸ்பிஎம்மை அணைக்காது. கெர்னல் அதில் கைவைக்காமல் இருக்கும், அவ்வளவுதான். மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் ஏற்கெனவே அதை இயக்கி வைத்திருந்தால் அப்படியே தொடரும். இதை அறியாமல், தெரிவைச் சேர்த்தும் பயனில்லை என்று நல்ல கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும். முதலில், கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் கிரப் நிரலின் திரையில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டுமே அது செல்லும் என்பதால் அச்சம் வேண்டாம்.

கேட்டவர்:
‘எல்1 எனேபிள்டு’ என்றுதான் இருந்தது. இப்போது ‘டிசேபிள்டு’ என்று காட்டுகிறது. நான்கு நாட்களாக அணைக்காமல் வைத்திருக்கிறேன். நேற்றிரவு முழுவதும் சும்மா விட்டுவிட்டுக் காலையில் முந்நூறு பக்கங்களை அனுப்பினேன், ஒன்றுகூடத் தடைபடவில்லை. மிக்க நன்றி. இதை நிரந்தரமாக்குவது எப்படி?

மறுமொழி 2:
மகிழ்ச்சி. ஈடிசி கோப்பகத்தில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பைத் திறந்து, ‘டிஃபால்ட்’ என்று முடியும் கட்டளை வரியின் மேற்கோள் குறிகளுக்குள் அதே தெரிவைச் சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். மேசைக் கணினியில் கூடுதல் மின்செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. மடிக்கணினியாக இருந்தால் பேட்டரி சற்று விரைவில் தீரும். அடுத்த டெபியன் வெளியீட்டுக்கு மாறும்போது தெரிவை நீக்கிவிட்டு ஓரிரு நாள் சோதித்துப் பாருங்கள்; கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிலேயே திருத்தம் வந்திருக்கலாம்.