சர்ச் பூசையில் (திருப்பலியில்) சின்னப் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி (காரைக்குடி):
பையனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. ஞாயிறு எட்டு மணிப் பூசைக்குப் போனால் பாதி நேரம் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறேன். போன வாரம் சும்மா இருப்பாளே என்று சின்னவள் கையில் ஒரு டப்பா உப்புச் சீடை கொடுத்திருந்தேன். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம், எல்லாரும் முழங்காலில், மணி அடித்து ஓய்ந்த அந்த நிமிடம் பார்த்து டப்பா கவிழ்ந்து, சீடை அத்தனையும் ஆண்கள் பக்கம் வரை உருண்டு ஓடியது, பிடிக்கிறேன் என்று பையனும் பின்னாலேயே ஓடினான். "வெளியே கொண்டு போம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், நான் ஒருத்தி. பேசாமல் புதுநன்மை (முதல் தடவை நற்கருணை) வாங்கும் வயது வரும்வரை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகலாமா?

பதில் 1 (தேவகோட்டை):
விடாதீர்கள் தங்கச்சி. முதலில் கதவோரத்தை விட்டு முன்னால் போய் உட்காருங்கள். பின்னால் இருந்தால் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்கள் முதுகுதான், அது விளையாடாமல் என்ன செய்யும்? நான் என் பையனிடம் உள்ளே நுழைந்ததும் சாமியார் என்ன கலர் உடுப்பு என்று கேட்பேன். பச்சை, தவக்காலத்தில் ஊதா, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகள் திருநாள் என்றால் சிவப்பு. பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாளுக்கு ஓரியூர் கூட்டிப்போனபோது சிவப்பைப் பார்த்துவிட்டு, "இவரும் ரத்தம் சிந்தினவராம்மா?" என்று அவனே கேட்டான். 1693இல் அவரைத் தலை வெட்டிய இடமே அதுதான் என்று சொன்னதும் அங்கிருந்த செம்மண்ணை ஒரு பிடி அள்ளி டவுசர் பையில் போட்டுக்கொண்டான். துவைக்கும்போது நான் பட்ட பாடு வேறு கதை. அப்புறம், நற்செய்திக்கு முன்னால் நெற்றி, வாய், நெஞ்சில் போடும் சின்னச் சிலுவையை வீட்டிலேயே பழக்குங்கள். அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருப்பான்.

பதில் 2 (மறைக்கல்வி ஆசிரியை):
சிறுவர் பங்கேற்கும் திருப்பலிக்கென்றே 1973இல் ரோமிலிருந்து ஒரு வழிகாட்டி வந்தது. ரொம்பச் சின்னதுகளைத் தனியே வைத்துப் பார்த்துக்கொண்டு, கடைசி ஆசீருக்கு உள்ளே கூட்டி வரலாம் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் வேப்பமரத்தடியில் நிற்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள், ஆனால் ஆசீருக்குக் கட்டாயம் உள்ளே வந்துவிடுங்கள். பெரியவர்கள் பூசையிலும் பிள்ளைகளைக் காணிக்கை கொண்டுவரச் சொல்லலாம், ஒரு பாட்டுப் பாட விடலாம், பிரசங்கத்தில் சாமியார் அவர்களைப் பார்த்தும் இரண்டு வார்த்தை பேசலாம் என்கிறது. புதுநன்மைக்கு ஏழு வயதை ஒட்டி என்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் சொன்னது நன்மை வாங்கத்தான். அதுவரை பூசையே வேண்டாம் என்று யார் சொன்னது?

பதில் 3:
முணுமுணுக்கிற கிழவர்களில் நானும் ஒருவன், ஒத்துக்கொள்கிறேன். அழுகைகூடப் பரவாயில்லை அம்மா, போனில் பொம்மைப்படம் போட்டுக் கொடுப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பையனை எங்கள் பக்கம் யாராவது தாத்தாவோடு உட்கார வையுங்கள், அம்மாவிடம் காட்டுகிற சேட்டையை வேற்றாளிடம் காட்ட மாட்டான்.

கேட்டவர்:
இன்று முன்வரிசையில் உட்கார்ந்தோம். பிரசங்கத்தில் சின்னவள் மடியிலேயே தூங்கிவிட்டாள், எழுப்பவில்லை. பையன் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு தனியாக ஒரு "ஆமென்" போட்டான், சாமியாரே சிரித்துவிட்டார். அக்கா, காணிக்கைக்கு இவனையும் சேர்க்க உபதேசியாரிடம் கேட்கணுமா, சிஸ்டரிடமா?