பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் மாணவர் சூழல் அமைப்பு: பதிவு, பாலாறு பாடம், டேனரி வீட்டுப் பிள்ளைகள்

மலட்டாறு (கேள்வி)

நாங்கள் ஐந்து பேர். பேரணாம்பட்டு, ஆம்பூர் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் 8, 9, 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சூழலையும் சமூக நீதியையும் சேர்த்து வகுப்பு எடுக்கிறோம். அமைப்புக்குப் பெயர் இருக்கிறது, பதிவு இல்லை. இப்போது தலைமை ஆசிரியர்கள் பதிவுச் சான்றும் கல்வி அலுவலர் அனுமதியும் கேட்கிறார்கள். தலைமைப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று கேள்விகள்.

1. டிரஸ்டா, சங்கமா? பணம் எந்த வழியில் வாங்கலாம்?

2. பாலாற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளே சோதிக்க வேண்டும் என்று ஆசை. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் 300 ரூபாய் டி.டி.எஸ். பேனா போதுமா?

3. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்), அம்மா ஷூ கம்பெனியில். பாலாறு என்று ஆரம்பித்தாலே “எங்க வீட்டுச் சோத்துல மண்ணு போடுறீங்களா சார்” என்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது?

ரசீதுபுக்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு, ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல். ஒரு வருஷம் தாக்கல் விட்டால் அடுத்த வருஷம் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, அவ்வளவுதான். ஐந்து பேருக்கு டிரஸ்ட் சுலபம். ஆனால் ஊரில் பாதி டிரஸ்ட் பத்திரங்களில் “நிறுவனர் ஆயுட்கால நிர்வாக அறங்காவலர்” என்று ஒரு வரி இருக்கும். ஜனநாயகம் சொல்லித்தரும் அமைப்புக்கு அந்த வரி ஆகாது. 3 வருஷப் பதவிக்காலம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது.

பத்திரத்தில் வழக்கமாக விட்டுப்போகும் இரண்டு பிரிவு: டிரஸ்டைத் திரும்பப் பெற முடியாது என்பது ஒன்று, கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்பது இன்னொன்று. இவை இல்லாமல் வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுக்குப் போனால் கேள்வி வரும், திருத்தப் பத்திரம் எழுத வேண்டும். நோக்கத்தில் கல்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு இரண்டையும் தெளிவாக எழுதுங்கள், சட்டம் இரண்டையுமே அறநோக்கமாகப் பட்டியலிடுகிறது. செயல்படும் பகுதி என்ற இடத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் போடுங்கள். 2019இல் மாவட்டம் பிரிந்தது. பேரணாம்பட்டு வேலூரில், ஆம்பூர் திருப்பத்தூரில். ஆகவே முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதியும் உங்களுக்கு இரண்டு இடத்தில் வாங்க வேண்டும். ஒன்றை வாங்கி இரண்டு பக்கமும் காட்ட முடியாது. மனுவோடு பத்திர நகல், பாடத்திட்டம், வரும் தன்னார்வலர் பட்டியல், எந்த நாள் எந்த வகுப்பு என்ற அட்டவணை, பிள்ளைகளிடம் பணம் வாங்க மாட்டோம் என்ற உறுதி எல்லாம் இருக்கட்டும்.

பணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது, ஆகவே வங்கி வழியாகவே வாங்குங்கள். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி வையுங்கள். அவர் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால் 500 ரூபாய்கூட எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருஷச் செயல்பாடு, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணமும் அப்படித்தான்: 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று வருஷ அனுபவம்.

தோல் கம்பெனிப் பணத்தை வாங்குவதா இல்லையா என்பதை யாரும் கொடுக்க முன்வருவதற்கு முன்பே கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வையுங்கள். காசோலை மேசைக்கு வந்த பிறகு கொள்கை பேசினால் ஐந்து பேரும் ஐந்து பக்கம் இழுப்பார்கள்.

ஆழ்துளை

பேனா போதும், ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்துதிறனிலிருந்து கணக்கிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். தோல் பதனிடப் போடும் குரோமியத்தை அது பார்க்காது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். டி.டி.எஸ்.சுக்கு 500, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே புரியும்: 0.05 கூடினாலும் குறைந்தாலும் பேனாவில் ஒன்றும் அசையாது.

செய்முறை. 1413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துதிறன் அலகு) திட்டக் கரைசல், அதாவது அளவு தெரிந்த கரைசல், ஒரு புட்டி வாங்குங்கள். 0.5 காரணி உள்ள (மின்கடத்துதிறனில் பாதியை டி.டி.எஸ். ஆகக் காட்டும்) பேனா அதில் 706 அருகே காட்ட வேண்டும். 650, 780 என்று காட்டினால் திருகிச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். மாதிரி எடுக்க அரை லிட்டர் புட்டி, அதே தண்ணீரால் மூன்று முறை அலசியது. போர்வெல் என்றால் 5 நிமிஷம் ஓடவிட்டு, அடிபம்பு என்றால் 50 அடி அடித்துவிட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் குழாயில் தேங்கின தண்ணீரைத்தான் அளப்பீர்கள். பேனாவைக் கோடு வரை முக்கி, ஒரு சுற்றுக் கலக்கி, 30 வினாடி பொறுத்துப் பாருங்கள். மூன்று முறை பார்த்து நடு எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு புட்டிக்கும் இடையே காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசல் கட்டாயம்.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடங்கள்: 999க்கு மேல் போனால் பல பேனாக்களில் ஓரத்தில் “×10” என்று சின்னதாக மின்னும், அதைக் கவனிக்காமல் 184 என்று எழுதுவார்கள், உண்மையில் அது 1,840. பொத்தானைத் தெரியாமல் அழுத்தி மைக்ரோசீமென்ஸில் படித்து, எண் இரட்டிப்பானதும் “டேனரி தண்ணி” என்று குதிப்பார்கள். மழைக்குப் பிறகு எடுத்ததையும் சித்திரையில் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போடுவார்கள். தெருக்குழாயில் சில நாள் காவேரி கூட்டுக் குடிநீர், சில நாள் உள்ளூர் போர், சில நாள் இரண்டும் கலந்து வரும், ஆகவே குழாய்த் தண்ணீர் என்றால் டேங்க் ஆபரேட்டரிடம் அன்றைக்கு என்ன விட்டார் என்று கேட்டு எழுத வேண்டும்.

அடுத்து, டி.டி.எஸ். கூடினால் உடனே டேனரி என்று சொல்லிவிடக் கூடாது. நம் பக்கம் கரும்பாறை, கடினத்தன்மையும் ஃபுளோரைடும் பாறையிலிருந்தே வரலாம். நைட்ரேட் கூடினால் உரமோ கக்கூஸ் தொட்டியோ. டேனரிக் கழிவின் சாயல் சோடியம், குளோரைடு, ஏனென்றால் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது, ஊறவைக்கும் முதல் தொட்டியில் அந்த உப்பில் பெரும்பகுதி கழன்று வெளியே வரும். ஆக, பேனாவில் சந்தேகம் வந்த கிணற்று மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு பாருங்கள். குரோமியம் வேண்டுமென்றால் ஆய்வகம் தரும் புட்டியிலேயே எடுக்க வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. நச்சு அதிகமான வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் என்றால் அமிலம் சேர்க்காமல், ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தோல் பதனிட டிரம்மில் போடுவது மூவிணைதிறன் குரோமியம். ஆறிணைதிறன் பிரச்சினை பெரும்பாலும் குரோமேட் தயாரித்த இடத்துக் கழிவிலிருந்து வருவது, ராணிப்பேட்டைக் கதை அது. இரண்டையும் கலந்து பேசினால் விஷயம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுவார்.

கேன் தண்ணீர் 40, 50 காட்டும். “அப்போ இதுதான் நல்ல தண்ணி” என்று முடிவுகட்ட விடாதீர்கள். கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு வயல் சோதனை இருக்கிறது: தண்ணீரைக் குறிவரை ஊற்றி மூடி 24 முதல் 48 மணி நேரம் 30-37 டிகிரியில் வைத்தால், மலக்கிருமி இருக்கும் தண்ணீர் கறுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்குபேட்டரே தேவையில்லை, அலமாரி போதும். முடிந்ததும் வயலைப் பிள்ளைகள் திறக்கக்கூடாது, பெரியவர்களே திறந்து பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

கழிவு ஓடை, சேற்றுக் கிடங்கு, மேன்ஹோல் பக்கம் பிள்ளைகளை எந்தக் காரணத்துக்கும் கூட்டிப்போகாதீர்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து தூக்கத்திலிருந்த 10 தொழிலாளர் இறந்தார்கள். ஆற்றுக்குள் இறங்கினாலும் மணல் அள்ளின பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரரைக் கேட்காமல் காலை வைக்க வேண்டாம். 30 பிள்ளைகளுக்கு 4 பெரியவர், பெற்றோர் கையெழுத்து.

மேல்பட்டி பாசஞ்சர்

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். “டேனரி வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே டேனரி வீட்டுப் பிள்ளையை மூலையில் தள்ளிவிடும். உச்ச நீதிமன்றமே அப்படிக் கேட்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு: தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது நம் ஊர் வழக்கில்தான். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதன் பிறகும் தீராமல் 2025 ஜனவரி 30இல் இன்னொரு தீர்ப்பு, இழப்பீடு பற்றியும் கண்காணிப்புக் குழு பற்றியும். இரண்டையும் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி 11ஆம் வகுப்புக்குக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “467 கிணற்றில் 350 கெட்டுப்போனது” என்ற கணக்கை வேலூர் கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அந்தத் தீர்ப்பில் இருக்கிறதுதான், ஆனால் அது திண்டுக்கல் பக்கத்து 13 ஊர்க் கணக்கு. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்பது வேறு வரி.

வகுப்பில் பொது விசாரணை நடத்துங்கள். முதலாளி, டிரம்மில் வேலை செய்பவர், கழனிக்காரர், பஞ்சாயத்துத் தலைவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அப்பா செய்யும் வேலையையே பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தொழிலாளி தரப்புக்குக் கையுறை, பூட்ஸ், இ.எஸ்.ஐ., கூலி என்று நான்கு குறிப்பு எழுதிக் கொடுங்கள். கெடுத்தவர் வேறு, அந்தக் கெடுதலை முதலில் மூச்சில் வாங்குபவர் வேறு என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும். ஆம்பூர், மேல்விசாரம் பக்கம் என்றால் உருது பேசும் ஒரு தன்னார்வலர் கட்டாயம் இருக்கட்டும்.

சாதிக்குப் பாடம் எடுக்க வேண்டாம், வரைபடம் போடச் சொல்லுங்கள். ஓவர்ஹெட் டேங்க், சாக்கடை முடியும் இடம், குப்பை கொட்டும் இடம், சுடுகாடு, பஸ் நிறுத்தம். ஊரிலிருந்து எத்தனை அடி, காலனியிலிருந்து எத்தனை அடி என்று நடந்து எண்ணி எழுதட்டும். யாரையும் “நீ எந்தப் பக்கம்” என்று கேட்கத் தேவையில்லை, தாள் சொல்லிவிடும். துப்புரவு முகாம் வைத்தால் சீட்டுக் குலுக்கி வேலை பிரியுங்கள். விட்டுவிட்டால் துடைப்பம் பெண் பிள்ளைகள் கைக்கும் காலனிப் பையன்கள் கைக்கும் தானாகப் போய்விடும், மற்றவர்கள் போட்டோவுக்கு நிற்பார்கள். அன்றைய வகுப்பு 2013 மலம் அள்ளும் தடைச் சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

மனுவில் பிள்ளைகள் கையெழுத்து வேண்டாம். தகவல் உரிமை மனு (10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில்) அறங்காவலர் பெயரில் போகட்டும், கேள்வியைப் பிள்ளைகள் எழுதட்டும். கிராம சபைக்குப் பார்வையாளராகக் கூட்டிப்போகலாம்.

போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பற்றி யாரும் சொல்லவில்லை. பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் “விசாரித்துவிட்டுச் சொல்லலாம்” என்ற பேச்சே இல்லை, காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. தன் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் அமைப்பின் தலைவருக்கே ஓராண்டு வரை சிறை. தன்னார்வலர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

கழனிப்பூர்

பதிவெல்லாம் அவசரமே இல்லை என்பேன். பள்ளியில் ஏற்கெனவே தேசிய பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ காகிதத்தில் இருக்கும், பொறுப்பாசிரியரும் இருப்பார். அவர் நிகழ்ச்சியாக ஒரு வருஷம் நடத்துங்கள். பாலாற்றை மூன்றாம் மாதம் தொடுங்கள், முதலில் குப்பை.

ரசீதுபுக்

பணமே வாங்காத வரை சரி. யாராவது ஒருவர் சொந்த ஜி-பே எண்ணில் நன்கொடை வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து பதிவு வேண்டும்.

மலட்டாறு

நால்வருக்கும் நன்றி. எண்களை வரைபடமாக இணையத்தில் போடலாமா?

ஆழ்துளை

கிணறு கிணறாகப் போடாதீர்கள். சர்வே எண்ணோடு 2,400 என்று வந்தால் அவர் நிலம் விலை போகாது, அடுத்த முறை வாசலிலேயே நிறுத்திவிடுவார், பக்கத்து நிலத்துக்காரரும் கதவைச் சாத்துவார். 500க்குக் கீழ், 500-2,000, 2,000க்கு மேல் என்று மூன்று நிறம், தெரு அளவில். கிணற்றுக்காரருக்கு அவர் எண்ணை மட்டும் தாளில் எழுதி, தேதி போட்டு, கையில் கொடுங்கள். ஒரே கிணற்றைப் பங்குனியிலும் கார்த்திகையிலுமாக இரண்டு வருஷம் அளந்த பிறகு வெளியிடலாம்.

மேல்பட்டி பாசஞ்சர்

கூடவே, அந்தப் படத்தில் பிள்ளைகள் முகமோ பள்ளிப் பெயரோ வேண்டாம். போன் வருவது தலைமை ஆசிரியருக்குத்தான்.