கௌதாரியைப் படம் எடுக்க யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டி பக்கம் எங்கள் கரிசல் காட்டில் கௌதாரிகள் நிறைய. விடிந்ததும் வேலிக்கருவைப் புதருக்குள் ஜோடியாகக் கத்தும், ஆனால் கண்ணில் படாது. நடந்து போனால் தலையைத் தாழ்த்தி ஓடும். இன்னும் நெருங்கினால் படபடவென்று எழும்பித் தாழப் பறந்து அடுத்த புதருக்குள் போய்விடும். தொண்டையைச் சுற்றிய அந்த மெல்லிய கறுப்புக் கோடும் மார்பு வரிகளும் தெளிவாக விழும்படி, தரைமட்டத்தில் ஒரு படம் எடுக்க ரொம்ப நாள் ஆசை.

கையில் 400 எம்எம் லென்ஸ் இருக்கிறது. உள்ளே மறைந்திருந்து எடுக்கக் கார் இல்லை, பைக்தான். வரப்போரம் பனையோலையில் மறைப்புக் கட்டலாமா? பறவைகள் அதற்குப் பழக எத்தனை நாள் விடவேண்டும்? அதிகாலை வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை எதுவரை குறைக்கலாம்?

செல்போனில் குரலை ஒலிக்கவிட்டால் வரும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழக்கிய கௌதாரியைக் கத்தவிட்டுக் கண்ணி வைப்பவர்கள் செய்வதும் அதுதானே! 1972 வனவிலங்குச் சட்டம் தடுத்தும் அது இன்னும் நடக்கிறது. அதனால் படம் கிடைத்தாலும் இடத்தைச் சொல்ல மாட்டேன்.

சித்திரையில் தரையில் முட்டையிட ஆரம்பித்துவிடும். அப்போது தொந்தரவு செய்யக்கூடாது. பங்குனிக்குள் முடிக்க வேண்டும். மறைப்பில் உட்கார்ந்து எடுத்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.