டயாலிசிஸ் மெஷின் கத்தாமல் இருந்த நாள்: உங்களுக்கும் நடந்ததுண்டா?

ரங்கூன் மகன்
அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், மூன்றாவது வருடம் ஓடுகிறது. சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் இரத்தத்தை ஓர் ஊசி வழியாக வெளியே எடுத்து, சுத்தம் செய்து, இன்னோர் ஊசி வழியாகத் திருப்பி விடும். அன்றைக்கு ஏசி குளிர்கிறது என்று அப்பா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். ஊசி போட்ட கையும் உள்ளே போய்விட்டது. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது: கட்டிலுக்கு அடியில் ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. போர்வைக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று ஈரம். இரத்தம் உடம்புக்குத் திரும்புகிற ஊசி நழுவிப் படுக்கையில் கொட்டிக்கொண்டிருந்தது. பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லி வேகத்தில் சுற்றுகிறது, மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது. நான் "சயாமா!" (பர்மியில் நர்ஸைக் கூப்பிடும் சொல்) என்று கத்திய பிறகுதான் நர்ஸ் ஓடி வந்து நிறுத்தினார். அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் வீனஸ் பிரஷருக்கென்றே, அதாவது திரும்புகிற குழாயில் உள்ள அழுத்தத்தைப் பார்க்கவே, ஒரு சென்சார் இருக்கிறதே, அது ஏன் கத்தவில்லை? இன்றைக்கும் அந்த இடத்தில்தான் என் மனசு நிற்கிறது.

மோல்மேன் மருமகள்
எங்களுக்கு நேர்மாறு. எல்லா அலாரமும் ஒன்றாகக் கத்தி, ஒன்றாக அடங்கிப்போனது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, மெஷின் பேட்டரியும் பழசு. அத்தையின் இரத்தம் குழாயிலேயே நின்றுவிட்டது. கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசிய சின்னப் பெண்தான் நர்ஸ். குழாயை நெரித்து மூடும் கிளாம்பிலிருந்து அதை விடுவித்தார், கைப்பிடியைச் செருகிப் பம்பைக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். காற்றைக் கண்டுபிடிக்கும் சென்சார் அந்த நேரத்தில் வேலை செய்யாதாம். டார்ச்சை என்னிடம் கொடுத்து, "குமிழி வந்தால் உடனே சொல்லுங்கள்" என்றார். அந்தச் சிவப்புக் குழாயை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. தெருவில் எல்லோரும் "மீ லாபி", கரண்ட் வந்துவிட்டது, என்று கூவியது காதில் விழுந்தது. நான் தலையைத் திருப்பவில்லை.

மெஷின் மெக்கானிக்
ரங்கூன் தம்பி, சென்சார் மேல் பழி போடாதீர்கள். அது ஊசியைப் பார்ப்பதில்லை, குழாயில் உள்ள அழுத்தத்தை மட்டும்தான் அளக்கிறது. அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு, மெல்லிய ஊசி வழியாக இரத்தம் நெருக்கிப் போவதால் வருவது. ஊசி கைக்குள் இருந்தாலும் படுக்கையில் கிடந்தாலும் அந்த நெருக்கல் அப்படியேதான் இருக்கும். எண் கொஞ்சம் இறங்கும், அலாரம் வைத்த எல்லையைத் தாண்டாமலே போகலாம். அதனால்தான் ஊசி போட்ட கையை மூடக் கூடாது என்பது எங்கும் உள்ள விதி. கையோடு முகமும் வெளியே தெரிய வேண்டும்.

என் அனுபவம் சின்னது: ஒரு தடவை காற்று அலாரம் அடித்துக் கிளாம்ப் டக்கென்று பூட்டியது, பார்த்தால் குழாயில் காற்றைப் பிரிக்கிற சேம்பரில் வெறும் நுரை. காற்றைக் கண்டுபிடிக்கும் சென்சார் அனுப்புகிற மீயொலி இரத்தத்தில் நன்றாகக் கடந்து போகும், காற்றில் தடுமாறும், நுரையிலும் அப்படியே. இருந்தாலும் பார்க்காமல் ஒருபோதும் ரீசெட் அமுக்காதீர்கள்.

எல்லோரும் தண்ணீரையும் கவனியுங்கள். நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் உங்கள் இரத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. உப்புக் கலவை சரியா என்று கண்டக்டிவிட்டி (மின்கடத்தல்) சென்சார் பார்க்கும், எண் 14க்குப் பக்கத்தில் நிற்கும். கிருமியைக் கொல்லத் தண்ணீரில் சேர்க்கும் குளோரமின் அதற்குத் தெரியாது. அதை வடிகட்டுகிற கார்பன் தொட்டி தேய்ந்தால் அது உள்ளே வந்து சிவப்பணுக்களை உடைக்கும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாலும் சோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், உயிர் உங்களுடையது.

மோல்மேன் மருமகள்
அண்ணே, தம்பி பழி போடவில்லை, பயந்துபோய்க் கேட்கிறார். கையை மூடக் கூடாது என்று எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை. மூன்று மொழி பேசுகிற ஊரில் ஒரு மொழியிலாவது எழுதி ஒட்டியிருக்கலாம்.

ரங்கூன் மகன்
சொன்னதற்கு நன்றி அண்ணே. இப்போது அப்பா கையைப் போர்வைக்கு மேலேதான் வைக்கிறார், நானும் பக்கத்திலேயே உட்காருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏப்ரல் வெயிலில் ஏசி நின்றால் கை வேர்த்துப் பிளாஸ்டர் ஓரம் உரிந்து வருகிறது. நீங்களெல்லாம் எப்படி ஒட்டுகிறீர்கள்?