கருநீலக் காரில் உப்புநீர்த் தடம்: மெல்லிய பாலிஷ் போதுமா?

நான் வேதாரண்யத்தில் வசிக்கிறேன். எங்கள் 2017 மாடல் கருநீல மாருதி ஸ்விஃப்டின் பானெட்டிலும் கூரையிலும் சென்ற கோடையிலிருந்து வெள்ளை வளையங்கள் பதிந்துள்ளன. ஆழ்குழாய் நீரில் கழுவிய வண்டி வெயிலில் உலரும்போது, அந்நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் பெயிண்ட்டின் மேல் தங்கிவிடுகின்றன. உப்பளப் பக்கத்துக் காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

கார் ஷாம்பு, நீர் கலந்த வினிகர், கிளே பார் (பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஆகிய மூன்றையும் பயன்படுத்தியதில் மேற்படிவு அகன்றது. ஆனால் பெயிண்ட்டின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டை அரித்துப் பதிந்த தடங்கள் நகரவில்லை. கார்னபா மெழுகு பூசினால் சில நாட்கள் மங்கி, மீண்டும் தெளிவாகத் தெரிகின்றன. மெழுகு மறைக்க மட்டுமே செய்யும், பாலிஷ்தான் தேய்த்துச் சமன்செய்யும் என்பதை அறிவேன். பாலிஷைவிட வன்மையாகத் தேய்க்கும் காம்பவுண்டை மெஷினில் போடச் சொல்கிறார் உள்ளூர் டீடெய்லிங் கடைக்காரர். கிளியர் கோட் சுமார் 50 மைக்ரான் தடிமனே இருக்கும் என்பதாலும், தேய்ந்தது திரும்ப வராது என்பதாலும், இன்றுவரை கம்பெனி பெயிண்ட்டோடு அப்பா காத்துவரும் வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

விரல் நகத்தில் தட்டுப்படாத இத்தகைய தடங்களுக்கு மெல்லிய பாலிஷைக் கையால் தேய்த்தாலே போதுமா, அல்லது மெஷின் காம்பவுண்ட் தவிர்க்க முடியாததா?