அம்மா முதல்தரம் சுவிசுக்குத் தனியப் போறா, சூட்கேசில என்ன வைக்கலாம், அங்க என்ன மாதிரி இருக்க வேணும்?

கொக்குவில்_தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். அக்காவுக்கு வைகாசி கடைசியில பிள்ளை கிடைக்கும் எண்டு திகதி குடுத்திருக்கினம், முதல் பிள்ளை. அவ அத்தானோட விண்டர்தூரில இருக்கிறா, சூரிச்சுக்குக் கிட்ட. பத்தியம் பாக்க நான் போகாம வேற ஆர் போறது எண்டு அம்மா ஒற்றைக்காலில நிக்கிறா. வயசு 64, சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கு, இதுக்கு முன்னம் பிளேன் ஏறினது ஒருக்கா திருச்சிக்குப் போகேக்க மட்டும்தான், இங்கிலிஷ் வாசிப்பா ஆனா கதைக்க வெக்கப்படுவா. எனக்கு லீவு இல்லை, தனியத்தான் அனுப்ப வேணும்.

விசாவுக்கு இன்னும் குடுக்கேல்லை, கடுதாசியள் சேர்த்துக்கொண்டிருக்கிறம். ஆனா உண்மையில எனக்குப் பயம் விசா இல்லை, அம்மான்ர சூட்கேஸ். இப்பவே லிஸ்ட் எழுதி பிறிட்ஜ் கதவில ஒட்டிப்போட்டா: பத்தியச் சரக்கு, வறுத்த தூள், ஒடியல் மா, நல்லெண்ணெய், வீட்டு நெய் ரெண்டு போத்தில், பாரைக் கருவாடு, ஒரு கட்டு கருவேப்பிலை, அக்காவுக்கு அவிச்சுக் குளிக்க வார்க்க ஆடாதோடை இலையும் பாவட்டை இலையும், சித்தப்பா வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பத்து. இதில எது போகும், எது பிடிபடும்?

மற்றது அக்கா ஆக்கள் இருக்கிறது பிளாட்டில. அம்மா விடிய நாலரைக்கு எழும்பிப் பாத்திரம் உருட்டுற ஆள். அங்கத்தைய பழக்கவழக்கம் என்ன மாதிரி எண்டு அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ, அத்தானைக் கேட்டா "ஒண்டும் பிரச்சினை இல்லை வரட்டும்" எண்டுதான் சொல்லுவார், அவர் அப்பிடித்தான் எல்லாத்துக்கும்.

சூரிச்_அக்கா:

தம்பி உங்கட லிஸ்டை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்திட்டு அழுகையும் வந்திட்டு, எங்கட அம்மாவும் இதே லிஸ்ட்தான். 2020 தைமாசத்தில இருந்து சுவிசுக்குள்ள ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து பச்சை இலை, பழம், மரக்கறி, பூ, செடி ஒண்டும் பயணியள் கொண்டர ஏலாது, பயிர்ச் சுகாதாரச் சேட்டிபிக்கற் இல்லாட்டி ஒரு இலையும் விடமாட்டினம். கருவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், ஆடாதோடை எல்லாம் அதுக்குள்ள வரும். தப்பினது அஞ்சே அஞ்சு பழம்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, டூரியான், பேரீச்சம்பழம். நெய்யும் ஏலாது, எங்கட நாட்டில இருந்து பால், இறைச்சி சம்பந்தப்பட்ட சாமான் தடை. இலையளை நல்லாக் காயவைச்சு இடிச்சுத் தூளாக்கிப் போடச் சொல்லுங்கோ. வறுத்த தூள், ஒடியல் மா, சரக்கு பிரச்சினை இல்லை, ஆனா பழைய ஹோர்லிக்ஸ் போத்திலில போடாம பைக்கற் பண்ணி மேல இங்கிலிஷில பேர் எழுதி ஒட்டுங்கோ. நல்லெண்ணெய் மூடியைச் சுத்தி டேப் ஒட்டி ரெண்டு பொலித்தீனுக்குள்ள, இல்லாட்டிச் சீலையெல்லாம் எண்ணெய்.

எங்கட அம்மா 2022 இல வரேக்க நான் தலைகீழா நிண்டு சொல்லியும் கேக்காம எட்டுக் கறுத்தக்கொழும்பானை ஒவ்வொண்டாப் பேப்பரில சுத்தி, அதுக்கு மேல அப்பான்ர பழைய சாரத்தால சுத்திக் கொண்டந்தவ. பிளேனுக்குள்ளயே பழுக்கத் தொடங்கிட்டு. பெட்டியைத் திறந்ததுதான் தாமதம் அந்த இடமெல்லாம் எங்கட முத்தத்து மணம். அந்தக் கஸ்டம்ஸ் பெடியன் மரியாதையாத்தான் கதைச்சவன், விதி எண்டு சொல்லித் தொட்டிக்குள்ள போட எடுக்க, அம்மா அவனைப் பாத்து "தம்பி எறியாதேங்கோ, நீங்களாவது சாப்பிடுங்கோ" எண்டு தமிழில சொல்லுறா. அவனுக்கு என்ன விளங்கினதோ தெரியாது. அம்மா வீட்ட வந்தும் ரெண்டு நாள் அதே கதைதான்.

கருவாட்டைப் பற்றி: சட்டம் ஒருபக்கம் கிடக்கட்டும், மணத்தை யோசியுங்கோ. சூரிச்சிலயும் விண்டர்தூரிலயும் தமிழ்க்கடை இருக்கு, கருவேப்பிலை, முருங்கைக்காய், கருவாடு எல்லாம் வாங்கலாம், விலைதான் நெஞ்சில அடிக்கும்.

இன்னொண்டு, டுபாயால மாறிப் போறதெண்டா சரக்குக்குள்ள கசகசா இருந்தா எடுத்துப்போடுங்கோ, அங்க அது தடை செய்த சாமான்.

மானிப்பாய்_ரீச்சர்:

நான் போன வருசம் மகளிட்டப் போட்டு வந்தனான், எனக்கு 67. முதலில நாள் கணக்கைப் பாருங்கோ. ஷெங்கன் (சுவிசும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த) விசாவில 180 நாளுக்குள்ள 90 நாள்தான் நிக்கலாம், இறங்கிற நாளும் ஏறுற நாளும் அந்த 90 க்குள்ளதான். மூண்டு மாசம் எண்டு கலண்டரில எண்ணக்கூடாது, 31 நாள் மாசம் ரெண்டு வந்தா 92 ஆகிடும். இப்ப 2025 ஒக்டோபரில இருந்து பாஸ்போட்டில சீல் குத்துறதுக்குப் பதிலா கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கொம்பியூட்டரில நாள் எண்ணுற முறை தொடங்கியிருக்கினம், ஒரு நாள் கூடினாலும் தானாக் காட்டும். திகதிக்கு ஒரு பத்து நாள் முந்திப் போனா காணும். பிள்ளை பிறந்து 31 ஆம் நாள் துடக்குக் கழிச்சுப்போட்டும் கைக்குழந்தையோட நிக்கக் கனக்க நாள் மிச்சம் இருக்கும், மகளுக்கு உண்மையில உதவி தேவைப்படுறதும் அந்த நாளிலதான்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாசம் முந்தியே குடுக்கலாம், ஆகக் குறைஞ்சது 15 நாள், ஆனா வைகாசிக்கு எண்டா நீங்கள் இப்பவே குடுங்கோ. உங்கட அத்தானிட்ட 30,000 பிராங் வரைக்கும் பொறுப்பேற்கிற கடுதாசி கேப்பினம், அவர் தன்ர கெமைண்டே (ஊராட்சி) ஒபிசில குடுக்க வேணும், அதுக்கு நாள் இழுபடும். அக்கான்ர பிறப்புச் சேட்டிபிக்கற்றில அம்மான்ர பேரும் பாஸ்போட்டில இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா எண்டு பாருங்கோ, எங்கட பக்கத்துப் பிறப்புப் பதிவுகளில ஒரு இடத்தில "ஐ" ஒரு இடத்தில "வை" எண்டு கிடக்கும், எனக்கு அதாலதான் ஒரு மாசம் போனது. திரும்பி வருவன் எண்டு காட்டக் காணி உறுதி, பாங்க் புத்தகம், பென்சன் கடுதாசி எல்லாம் இங்கிலிஷ் மொழிபெயர்ப்போட வையுங்கோ.

இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கவேணும். ஆனா தம்பி, பழைய வருத்தத்துக்குப் பெரும்பாலும் அதில காசு வராது, சின்ன எழுத்தை வாசியுங்கோ. சீனி, பிறஷர் குளிசை முழுக்கக் கைப்பையில, டொக்டர் இங்கிலிஷில மருந்தின்ர உண்மையான பேரோட எழுதின துண்டும் அதோட. சூட்கேசில போட்டால் சூட்கேஸ் எங்க போகுதோ ஆருக்குத் தெரியும்.

வீல்செயார் உதவிக்கு ரிக்கெற் போடேக்கயே சொல்லுங்கோ, காசில்லை. நடக்க ஏலாத ஆக்களுக்குத்தானே எண்டு நானும் முதல் வெக்கப்பட்டனான். டோகாவில பிளேன் மாறேக்க இருந்த இடத்தில இருந்து அவையே தள்ளிக்கொண்டு போய் வாசலில விட்டவை, எனக்கு அந்த எயார்போட்டின்ர நீளமே தெரியாது. அக்கான்ர விலாசமும் ஃபோன் நம்பரும் ஒரு துண்டில எழுதிக் கழுத்துப் பையில போடுங்கோ, ஃபோனில மட்டும் இருந்தா சார்ஜ் போனதும் எல்லாம் போச்சு.

பேர்ண்காரன்:

எல்லாரும் சூட்கேசையும் விசாவையும் பற்றியே எழுதியிருக்கிறீங்கள், பிளாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நான் இஞ்ச 26 வருசம்.

இரவு 10 மணிக்குப் பிறகு விடிய 6, 7 மணி மட்டும் சத்தம் கூடாது, கன வீடுகளில மத்தியானமும் ஒரு மணித்தியாலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அமைதி. உடுப்புத் தோய்க்கக் கீழ ஒரு பொது அறை இருக்கும், ஆருக்கு எந்த நாள் எண்டு தாளில போட்டிருக்கும், மற்றவையின்ர நாளில மெசினைத் தொட்டா அது ஒரு சண்டை. போத்திலைக் கூட ஞாயிறு கொண்டுபோய்ப் போத்தில் தொட்டிக்குள்ள போடக்கூடாது, உடையிற சத்தம் கேக்குமாம். குப்பை சும்மா பையில இல்லை, அந்தந்த ஊருக்கு உரிய காசு கட்டின பையிலதான், 35 லீற்றர் பை ஒண்டு 2 பிராங் மட்டில. வேற பையில வைச்சா குப்பையைக் கிளறி ஆரெண்டு பாத்துத் தண்டம் அனுப்புவினம், பகிடி இல்லை. விடிய நாலரைக்கு எழும்பலாம், தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு தேவாரம் மனதுக்குள்ள பாடட்டும். தேங்காய் துருவலாம், உரலில இடிக்கிற வேலையெல்லாம் கிழமை நாளில பகலில. மிளகாய் வறுக்கிறதெண்டா வேண்டாம் தாயே, வறுத்துக்கொண்டே வாங்கோ.

படியில கண்டா எல்லாருக்கும் "குறுவெட்சி" சொல்லவேணும், அந்தப் பக்கத்தில அதுதான் வணக்கம். சொல்லாமப் போனா மரியாதை தெரியாத ஆள். கை குடுக்கேக்க நிலத்தைப் பாக்காமக் கண்ணைப் பாக்கச் சொல்லுங்கோ, எங்கட அம்மாமார் பணிவா எண்டு குனிவினம், இவை அதை வேற மாதிரி எடுப்பினம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வடிவா இருந்தாலும் கன்னத்தைக் கிள்ளக்கூடாது. சொல்லாமக் கொள்ளாம ஒரு வீட்டு மணியையும் அடிக்கக்கூடாது, பலகாரம் குடுக்கிறதெண்டாலும் அக்காவைக் கேட்டுப்போட்டு.

ரெயின், பஸ், ட்ராம் எல்லாத்துக்கும் ஏற முன்னம் ரிக்கெற், உள்ள கொண்டக்டர் வந்து கிழிச்சுத் தருவார் எண்டு நிக்கக்கூடாது, பிடிச்சா 90, 100 பிராங். பைப்புத் தண்ணி குடிக்கலாம், காசு குடுத்துப் போத்தில் வாங்க வேண்டாம். ஞாயிறு கடை பூட்டு, பெரிய ரெயின் ஸ்டேசனிலயும் எயார்போட்டிலயும்தான் பெரும்பாலும் திறந்திருக்கும். அம்புலன்ஸ் 144, அதைச் சுவரில எழுதி ஒட்டுங்கோ. எங்கட சதுரப் பின் சார்ஜர் அங்க ஏறாது, அடப்டர் வேணும்.

கொக்குவில்_தம்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, ரீச்சர் சொன்னது சரி, பிறப்புச் சேட்டிபிக்கற்றில அம்மான்ர பேரில ஒரு எழுத்துப் பிழைதான், நாளைக்குக் கச்சேரிக் கந்தோருக்குப் போறன். இரவு இதெல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மாம்பழத்துக்கு முகம் வாடிட்டு. "குறுவெட்சி"யை இப்ப கோடிக்கதவால வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லிப் பழகுறா. ஆனா மிச்சத்தில அவ பிடிச்சுக்கொண்டது ஒண்டே ஒண்டு, தேங்காய் கொண்டு போகலாம் எண்டது. விடியக்காலம எழும்பிப் பாத்தா முத்தத்தில 12 தேங்காய் உரிச்சுக் குடும்பியோட அடுக்கிக் கிடக்கு, நெய்யை வெட்டின இடத்தில இதை வைக்கலாமாம்.

சூரிச்_அக்கா:

ஐயோ தம்பி 12 தேங்காய் எண்டா ஆறு ஏழு கிலோ போகுமே, தூளுக்கு எங்க இடம்? ரெண்டை விடுங்கோ, ஆசைக்கு. மற்றதை இப்பவே சம்பல் போடுங்கோ.