புதுப்பிப்பு: ஆங்கிலக் கவிதைக் கட்டுரைக்கு எது கைகொடுத்தது

உதவிய அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. பினாங்கில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன், கவிதைக்குக் கட்டுரை எழுதினால் வெறும் பொழிப்புரையாகவே நிற்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஈப்போ அக்கா சொன்னதுதான்: வாய்விட்டுப் படி, எண்ணம் திரும்பும் இடத்தில் கோடு போடு. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டில் (14 வரிக் கவிதை) செய்து பார்த்தேன். முதல் 8 வரியில் கோடை நிலைக்காது என்கிறார். 9ஆம் வரி ‘பட்’ (ஆனால்) என்று தொடங்கி, உன் கோடை வாடாது என்கிறது. பென்சில் கோடு விழுந்த அந்த இடத்திலிருந்தே கட்டுரையைத் தொடங்கினேன். முன்பு 20க்கு 9. இந்த முறை 14!

எதிர்பாராதது யாப்பு. ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கில யாப்பை நேர், நிரை போல எண்ணிக் குழம்பினேன். நம் அசை குறில் நெடிலைப் பார்க்கும், அவர்களுடையது அழுத்தத்தை. மேசையில் தட்டிக்கொண்டே படித்தபோதுதான் மெலிவும் வலிவுமாக 5 முறை வருவது காதில் விழுந்தது. வெண்பா படித்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

சிறுகதைக்கு இந்த வழி அவ்வளவாக உதவவில்லை. கதையைச் சொல்பவர் யார், அவருக்கு என்ன தெரியாது என்று கேட்கச் சொன்ன கிள்ளான் அண்ணனின் யோசனைதான் அங்கே சரிப்பட்டது.